சர்வேயர் செடி

சன்னல் பக்கம் வேணும்னா நீங்க உக்காந்துக்கிடுங்க அண்ணாச்சி. எனக்கு ஒண்ணுமில்ல. வெளிய பாக்கிறதுக்கு எனக்கு இனிமே என்ன இருக்கு. பாத்ததுக்கே இன்னும் பேரு வரல.

மதுரைக்கா போறீய? திருமங்கலமா? சரிதான். கயத்தாறு, கோவில்பட்டி, சாத்தூர்னு பேசிக்கிட்டே போகலாம்.

கேமராவைப் பாத்துட்டு, ஏதோ கல்யாணத்துக்குப் போட்டோ பிடிக்கப் போறவன்னு நெனச்சிருப்பீய. நான் ரிட்டையர்டு சர்வேயர். குற்றாலிங்கம்னு பேரு. இந்தப் பேரை நல்லா ஞாபகம் வச்சுக்கிடுங்க. ஏன்னா வேற எங்கயும் நீங்க அதை வாசிக்க முடியாது. போட வேண்டிய எடத்துல போடாம விட்டுட்டாங்க. அதைக் கேக்கத்தான் இப்பம் போய்க்கிட்டிருக்கேன்.

ரிட்டையர் ஆன பெறவு வீட்டோட இருந்தேன். வடிவு, எங்க வீட்டுக்காரி, கொஞ்ச நாளு ஒண்ணும் சொல்லல. பெறவு, உப்பு ஏன் இங்கன இருக்கு, பருப்பு டப்பா ஏன் அங்கன இருக்குன்னு நான் அடுக்களையை அளந்து கல்லு நட ஆரம்பிச்சதும், பூனாவுல இருக்கிற எம் மவனுக்குப் போன் போட்டு அழுதிருக்கா. அவன் ஊருக்கு வந்தப்போ எனக்கு ஒரு ஆப்பு வச்சுட்டுப் போனான். சிரிக்காதீய. போன்ல வைக்கிற ஆப்பைச் சொல்லுதேன்.

அது என்னன்னா, காக்கா, ஓணான், பூச்சி, செடி, எதைப் பாத்தாலும் போட்டோ எடுத்து அதுல போடணும். உலகத்துல எங்கயோ இருக்கிற ஒருத்தன் அதுக்குப் பேரு சொல்லுவான். இன்னொருத்தன் வந்து ஆமா அதேதான்னு சொல்லிட்டா ‘ஆராய்ச்சித் தரம்’னு வந்துரும். சர்வீஸ் பூரா வெயில்ல நின்னு சங்கிலி பிடிச்சேன், ஒரு தாசில்தாரும் என் வேலையைத் தரம்னு சொன்னதில்ல. சுவீடன்ல இருக்கிற ஒருத்தன் எங்க வீட்டு மைனாவுக்குச் சொல்லிட்டான்.

இப்பிடி ஊரெல்லாம் எடுத்துப் போடுத போட்டோவை ஆராய்ச்சிக்காரங்க மொத்தமா அள்ளி, எது எங்க இருக்கு, எது கூடுது, எது கொறையுதுன்னு பாப்பாங்களாம். மக்கள் அறிவியல்னு பேரு. மக்கள் வேகாத வெயில்ல நடக்கணும், அறிவியல் ஏசி ரூம்ல உக்காந்திருக்கும்.

எங்க காலனிக்குப் பின்னால சடைச்சிகுளம்னு ஒரு குளம். குளத்துக்குள்ளதான் காலனியே இருக்குன்னு பொறாமை பிடிச்ச சில பேரு சொல்லுவான். அதெல்லாம் இல்ல. அளந்தது நாந்தான். கரை கொஞ்சம் கோணலா கெடந்துச்சு, நேராக்கி விட்டேன். அவ்வளவுதான்.

காலையில கேமராவைத் தூக்கிட்டு அங்க போனா முக்குளிப்பான், நாமக்கோழி, நத்தைகுத்தி நாரை, மழை முடிஞ்சா வாத்துக் கூட்டம்னு ஒரே சந்தைக்கடை. எல்லாத்தையும் எடுத்தேன். ஆனா பாருங்க, படத்துல ஒரு அழகு வரல. என்ன கொறைன்னு யோசிச்சுப் பாத்தா, குளத்துல வெறும் தண்ணி. தண்ணின்னா தண்ணி, வேற ஒண்ணுமே கெடையாது. ஒரு படத்துக்குப் பின்னணி வேண்டாமா?

அந்த வருசம் கல்யாண நாளுக்கு வடிவைக் கொடைக்கானல் கூட்டிட்டுப் போயிட்டு எறங்கி வாரப்போ, அடிவாரத்துல ஒரு லாட்ஜுல தங்கினோம். லாட்ஜுக்குப் பின்னால ஒரு குட்டை. குட்டையில சொட்டுத் தண்ணி தெரியல. கரையில இருந்து கரைக்கு மஞ்சப் பூ. தோட்டக்காரன் ஒருத்தன் முழங்கால் சேத்துல நின்னு அதைப் பிடுங்கிப் பிடுங்கிக் கரையில எறிஞ்சுக்கிட்டிருந்தான். ஒரு தண்டு கெடைக்குமான்னு கேட்டேன். அவன் நிமிந்து என்னைப் பாத்தான் பாருங்க, கடவுளைப் பாத்த மாதிரி. ஒரு சாக்கு நிறையக் கட்டிக் குடுத்தான். காசு நீட்டினா வாங்கல. இன்னொரு சாக்கும் கட்டவான்னு கேட்டான். கார் வரைக்கும் அவனே தூக்கிட்டு வந்தான். இந்தக் காலத்துல அப்பிடி ஒரு தங்கமான மனுசன். செடிக்குப் பேரு என்னன்னு கேட்டதுக்கு மட்டும் ஒரு கெட்ட வார்த்தை சொன்னான். களைப்பா இருந்திருப்பான். நானே மஞ்சராணின்னு பேரு வச்சுக்கிட்டேன்.

வீட்டுக்கு வந்து மொட்டை மாடியில ஒரு தொட்டியில விட்டேன். மழை பெஞ்சு ஓயுறதுக்குள்ள தொட்டி நிறைஞ்சு, வழிஞ்சு, தரையில எறங்கிருச்சு. துணி காயப்போடப் போனா காலைச் சுத்துதுன்னு வடிவு கத்தினா. ஒரு நல்லது வளந்தா அவளுக்குப் பொறுக்காது. மூட்டுக்கு மூட்டு வேரு விடும். பிச்சு எறிஞ்சா எறிஞ்ச எடத்துல பிடிச்சுக்கிடும். இப்பிடி ஒரு செடியை வீட்டுத் தொட்டியில அடைச்சு வைக்கிறது நியாயமா?

காலனிச் சங்கத்துக்கு நாந்தான் செயலாளர். தீர்மானம் போட்டு, கவுன்சிலரைக் கூப்பிட்டு, பந்தல் போட்டு, ‘சடைச்சிகுளம் அழகூட்டும் விழா’ன்னு பேனர் கட்டிச் செஞ்சேன். கவுன்சிலர் முதல் கொத்தைத் தண்ணியில விட்டுட்டுக் கையெடுத்துக் கும்பிட்டாரு. அந்தப் போட்டோவையும் ஆப்புல போட்டேன். உயிரினம் எதுவானாலும் போடலாம்லா. எவனோ வந்து கவுன்சிலருக்கு ‘மனிதன்’னு அடையாளம் சொல்லிட்டுப் போனான். ஆமான்னு சொல்ல ரெண்டாவது ஆள் இன்னை வரைக்கும் வரல.

அதுல இருந்து என் படத்துக்கு ஒரு களை வந்துச்சு. முன்னால மஞ்சப் பூ, நடுவுல நாரை. முன்னால மஞ்சப் பூ, நடுவுல மீன்கொத்தி. நீளவால் இலைக்கோழின்னு ஒரு பறவை, தண்ணிமேல கெடக்கிற இலையில நடக்கும். அது நம்ம செடி மேல நடந்து வந்துச்சு பாருங்க, மாப்பிள்ளை பந்தலுக்கு வார மாதிரி. என்னாலதான இந்த நடைன்னு எனக்கு நெஞ்சு நிறைஞ்சு போச்சு.

கேட்டவங்களுக்கெல்லாம் குடுத்தேன். கேக்காதவங்களுக்கும் குடுத்தேன். கோயில் தெப்பத்துக்குக் குடுத்தேன், கொழுந்தியா வீட்டுக் கெணத்துக்குக் குடுத்தேன், மேக்க ஒரு சிநேகிதன் பண்ணைக்குக் குடுத்தேன். மத்ததை மறுகால் தண்ணி பாத்துக்கிட்டுச்சு. எங்க ஊருப் பக்கம் ஒரு குளம் நெறைஞ்சா அடுத்த குளத்துக்குத் தண்ணி போகும்லா, அதோட இதுவும் போச்சு. யாருக்கும் பஸ் செலவு வைக்கல.

தளவாய்னு ஒருத்தன், குளத்துல மீன்பாசிக் குத்தகை எடுத்தவன். குஞ்சு விட்டு வளத்து வலை போட்டுப் பிழைக்கிறவன். ஒருநாள் வாசல்ல வந்து நின்னான். வலை வீச எடமில்லையாம், வீசினா செடிதான் வருதாம், மீனு மூச்சுமுட்டி வயித்தைக் காட்டிக்கிட்டு மெதக்குதாம். நான் கோவப்படல. உக்கார வச்சு எடுத்துச் சொன்னேன். மீனுக்கு நெழல் நல்லதுடே, வெயில்ல அலையுறியே, உனக்கே நெழலைக் கண்டா பிடிக்கும்லான்னு கேட்டேன். அவன் துண்டை ஒதறித் தோள்ல போட்டுட்டுப் போயிட்டான். புரிஞ்சிருச்சுன்னு நெனச்சேன்.

அடுத்த வருசம் அவன் குத்தகை எடுக்கல. கேரளாவுல கட்டட வேலைக்குப் போயிட்டான். இப்பம் உள்ள ஆளுகளுக்குப் பொறுமையே இல்ல அண்ணாச்சி.

ஆனா ஒண்ணு, ஊருக்குள்ள அந்தச் செடிக்கு என் பேரையே வச்சுட்டாங்க. டீக்கடையில போய் உக்காந்தா, சர்வேயர் செடி மடையை அடைச்சிட்டு, சர்வேயர் செடி மோட்டாரைச் சுத்திட்டுன்னு எந்நேரமும் என் பேச்சுத்தான். சர்வேயருக்கு முன்னால ஒரு அடைமொழி வேற சேத்துச் சொல்லுவாங்க. அதை பஸ்ஸுல வச்சுச் சொல்ல வேண்டாம். வயக்காட்டு ஆளுக, பிரியத்தை அப்பிடித்தான் காட்டுவாங்க.

இப்பிடி இருக்கும்போதுதான் ஆப்பு வழியா ஒரு தகவல் வந்துச்சு. டாக்டர் பெனிட்டான்னு ஒரு பிள்ளை. ஊசி போடுத டாக்டர் இல்ல, ஆராய்ச்சி டாக்டர். குளங்களைப் பத்தி ஆராய்ச்சி பண்ணுதாம். ‘உங்கள் படங்கள் எங்கள் ஆய்வுக்கு மிக முக்கியமானவை, நேரில் பார்க்கலாமா’ன்னு எழுதியிருந்துச்சு. நான் அதைப் பிரிண்ட் எடுத்துக் காலனி நோட்டீஸ் போர்டுல ஒட்டினேன். எல்லாரும் தெரிஞ்சுக்கிடட்டும்னுதான், பெருமைக்கு இல்ல.

வந்துச்சு. சின்னப் பிள்ளை, கதர்ச் சட்டை, கால்ல சேறு. வார வழியில குளத்துல எறங்கிப் பாத்துட்டு வந்திருக்கு. வடிவு கேசரி கிண்டி, வாழைக்காய் பஜ்ஜி போட்டு வச்சிருந்தா. நான் லேப்டாப்பைத் தொறந்து, நாளு வாரியா அடுக்கி வச்ச படத்தையெல்லாம் காட்டினேன். இந்தா பாரும்மா, கூழைக்கடா எறங்குத படம், றெக்கை ஒண்ணொண்ணும் தெரியுது பாருன்னேன். அது றெக்கையைப் பாக்கல அண்ணாச்சி. மூலைக்குப் போய், பெருசாக்கி, மங்கலாத் தெரியுத ஒரு மஞ்சப் புள்ளியைப் பாக்குது. அது போகஸ்ல இல்லம்மா, நடுவுல பாருங்கேன். பரவால்ல சார்ங்குது. அடுத்த படம். அதுலயும் மூலை. நான் தவமா தவமிருந்து எடுத்த மீன்கொத்தியைக் கட்டை வெரலால ஓரமாத் தள்ளிட்டு மூலைக்குப் போகுது. இதுக்குத்தான் காரு போட்டு வந்தாங்களாம்.

கடைசியில கேட்டுச்சு. “சார், இந்தச் செடி இங்க எப்படி வந்துச்சுன்னு யாருக்காவது தெரியுமா?”

“யாருக்காவதா? நாந்தாம்மா கொண்டு வந்தேன்.”

கேசரியை வாய்க்குக் கொண்டு போனது அப்படியே நிக்குது. நான் மொதல்ல இருந்து சொன்னேன். லாட்ஜு, சாக்கு, தொட்டி, கவுன்சிலர், தெப்பம், எல்லாம். வேற எங்கெங்க குடுத்தீங்கன்னு மட்டும் கேட்டுச்சு. ஒண்ணு விடாமச் சொன்னேன். அவ்வளவு அக்கறையாக் கேட்டுக்கிட்டு இருந்துச்சு. என் சொந்த மவன் நான் பேசி இவ்வளவு நேரம் கேட்டதில்ல.

அது போன பெறவு வடிவு, “அந்தப் பிள்ளைக்குக் கேசரி தொண்டையில எறங்கல, பாத்தீயளா?”ன்னா. நெய்யைக் கொட்டினா எப்பிடி எறங்கும்னேன்.

பெறவு ஆராய்ச்சி வெளிவந்துச்சு. இங்கிலீஸ்ல ஒண்ணு, எங்களை மாதிரி படம் போட்டவங்களுக்குன்னு தமிழ்ச் சுருக்கம் ஒண்ணு. ஒரு மேப்பு போட்டிருந்தாங்க. நான் மேப்புலயே பொறந்து வளந்தவன், ஆனா அப்பிடி ஒரு மேப்பு பாத்ததில்ல. ஒரே ஒரு செகப்புப் புள்ளி, அதுல இருந்து வரிசையா புள்ளி எறங்குது, சடைச்சிகுளம், அதுக்குக் கீழ உள்ள குளம், அதுக்கும் கீழ, வாய்க்கா வழியா ஆத்து வரைக்கும். எத்தனையோ பேரு எத்தனையோ ஊருல எடுத்துப் போட்ட படத்தையெல்லாம் சேத்து, தேதி வாரியா கோத்திருக்காங்க. அந்த மொதப் புள்ளி எங்க இருக்குன்னு நெனைக்கீய? எங்க வீட்டு மொட்டை மாடியில. தொட்டி மேல கரெக்டா உக்காந்திருக்கு. ஒரு அடி தள்ளல. அளவுன்னா அது அளவு, அதுல நான் கொறை சொல்ல மாட்டேன்.

ஆனா கீழ என்ன எழுதியிருக்கு? ‘உள்ளூர்வாசி ஒருவரால் அறிமுகப்படுத்தப்பட்டது.’ ஒருவராம். கடைசிப் பக்கத்துல, ‘படங்களைப் பதிவேற்றிய பொதுமக்கள் அனைவருக்கும் நன்றி.’ பொதுமக்களாம். ரேசன் கடை வரிசையில நிக்கிறவன் மாதிரி.

அதுலயும் செடியை ‘அயல் ஆக்கிரமிப்புத் தாவரம்’னு போட்டிருக்காங்க. ஆக்கிரமிப்பு எதுன்னு எனக்குச் சொல்லித் தாராங்க. எத்தனை ஆக்கிரமிப்பை அளந்து எடுத்திருப்பேன். பட்டா இல்லாம, அனுமதி இல்லாம உக்காந்தாத்தான் ஆக்கிரமிப்பு. இது சங்கத் தீர்மானத்தோட, மக்கள் பிரதிநிதி கையால போன செடி.

உடனே போன் போட்டேன். ஏம்மா, எம் பேரு எங்கம்மான்னேன்.

“வேணும்னுதான் சார் போடல. உங்க நல்லதுக்குத்தான்.”

“நல்லதுன்னா பேரைப் போடணும்லா?”

அது திருப்பிக் கேட்டுச்சு. “சார், அந்த மேப்பை நல்லாப் பாத்தீங்களா? கீழ எத்தனை குளம் செகப்பா இருக்குன்னு பாத்தீங்களா?”

“பாத்தேன். அத்தனையும் என் வேலைதான்.”

“அதான் சார்”னு சொல்லிட்டு வச்சிருச்சு.

இதைவிட வாக்குமூலம் வேணுமா? அதான்னு அதுவே ஒத்துக்கிட்டுச்சு. என் வேலைன்னு தெரியும், தெரிஞ்சே பேரை மறைச்சிருக்கு. நாளைக்கு அது பெரிய ஆளாகும், மேடை ஏறும், மாலை வாங்கும். மொதப் புள்ளி மட்டும் பேரு ஊரு இல்லாம அங்கன கெடக்கணும்.

வடிவுகிட்ட சொன்னா ஆறுதல் சொல்லுவான்னு நெனச்சேன். அவ அந்தத் தமிழ்ச் சுருக்கத்தை வாங்கி, கண்ணாடி போட்டுக்கிட்டு, ரெண்டு தடவை படிச்சா. எந்திரிச்சு மாடிக்குப் போனா. தொட்டியில இருந்ததைப் பூரா அள்ளி, வெயில்ல பரப்பி, காய வச்சுத் தீ வச்சுட்டா. மறுநாள்ல இருந்து வடிவு, தளவாய் பொண்டாட்டியோடயும் இன்னும் நாலஞ்சு பொம்பளைகளோடயும் சேந்து, விடிஞ்சா குளத்துல எறங்கி இடுப்புத் தண்ணியில நின்னு புடுங்குதா. அவளுக்கு முட்டு வலி வேற. கை பூரா சேத்துப்புண்ணு. எதுக்கு இந்த வேண்டாத வேலைன்னு கேட்டேன். “நம்ம வீட்டுல இருந்து ஒரு ஆளாவது போணும்லா”ன்னா. அதுக்குப் பெறவு எங்கிட்ட சாப்பிட வாங்கங்கிறதைத் தவிர வேற பேச்சில்ல.

இன்னும் ஒரு பக்கம்கூடத் தீரல, பாத்துக்கிடுங்க. இவங்க இந்தக் கரையில புடுங்கும்போதே அது அந்தக் கரையில தளுத்துருது. என் செடியைப் பத்தி எனக்குத் தெரியாதா.

இந்த மழைக்கு வாத்து வரல. முக்குளிப்பானையும் காணும். முக்குளிக்கத் தண்ணி தெரியணும்லான்னு ஒருத்தன் நக்கல் பண்ணுதான். ஆராய்ச்சிக்காரங்க பரிசல்ல போய்ப் போய் வெரட்டி விட்டிருப்பாங்க, வேற என்ன. போன வாரம் ஒத்தை இலைக்கோழி கெடைச்சுது, எடுத்துப் போட்டேன். நல்லா வந்திருக்கு, பாருங்களேன். அந்த மூலையில செடியைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு நிக்கிறது வடிவுதான். கொஞ்சம் மங்கலா இருக்கா. அதை விடுங்க, கோழியைப் பாருங்க.

இன்னைக்கு மதுரையில ஒரு கூட்டம். அந்த ஆராய்ச்சியை வச்சு, இந்தச் செடியை எப்பிடி எடுக்கிறதுன்னு பேசப் போறாங்களாம். பெரிய பெரிய அதிகாரிங்க, விவசாயச் சங்கத்துக்காரங்க, மீன்காரங்க எல்லாரும் வாராங்க. எங்க பக்கத்துல இருந்து ரெண்டு வேனு போயிருக்கு. தளவாயும் லீவு போட்டுட்டு வந்திருக்கானாம். வேன்ல எனக்கு எடமில்லன்னுட்டாங்க. எடம் இருந்துச்சு, நான் பாத்தேன். சரி, பெரிய மனுசனைக் கூட்டத்தோட உக்கார வைக்கக் கூச்சப்பட்டிருப்பாங்க.

விவசாயச் சங்கத் தலைவர், வெளியூருக்காரரு, பேப்பர்ல சொல்லியிருக்காரு, ‘இதை முதன்முதலில் கொண்டுவந்தது யார் என்று எங்களுக்குத் தெரிந்தாக வேண்டும்’னு. பாத்தீயளா, அத்தனை ஊரும் என்னைத் தேடுது. அந்தப் பிள்ளை வாயே தொறக்கலையாம், சொல்ல மாட்டேன்னுட்டாம். அவ்வளவு வஞ்சம். அதான் நான் நேர்ல போறேன். எல்லாரும் உக்காந்த பெறவு, நடு மண்டபத்துல எந்திரிச்சு நின்னு, நாந்தான்னு சொல்லப் போறேன். படம் எல்லாம் கையில இருக்கு, தேதியோட. ஒருத்தனும் மறுக்க முடியாது. அதுவும் தளவாய் இருக்கும்போது சொல்லணும். அவன் கையத் தட்டுவான், பாருங்க.

என்ன அண்ணாச்சி, அப்பிடிப் பாக்கீய? போக வேண்டாங்கீயளா? நீங்களும் வடிவு மாதிரியே சொல்லுதீய. காலையில பொறப்படும்போது வாசல்ல மறிச்சு நின்னா. கல்யாணம் ஆனதுல இருந்து அவ என் கையைப் பிடிச்சு ஒண்ணும் கேட்டதில்ல, இன்னைக்குப் பிடிச்சுக் கேட்டா. சேத்துப்புண்ணுக் கை, சொரசொரன்னு இருந்துச்சு. நல்ல காரியத்துக்குப் போகும்போது இப்பிடி நிக்காதேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

திருமங்கலம் வந்துருச்சு போலயே. பேசிக்கிட்டே வந்ததுல தெரியல. உங்க ஊருல கம்மாய் இருக்குன்னீயளே, தண்ணி கெடக்கா? கெடக்கும்லா. ஒரு நிமிசம் இருங்க, இந்தப் பையை எடுத்துக்கிடுதேன். கூட்டத்துல தலைமை அதிகாரிக்குச் சால்வைக்குப் பதிலா குடுக்கலாம்னு வெடியக்காலம் குளத்துல இருந்து கொஞ்சம் பறிச்சு, ஈரத்துணியில சுத்திக் கொண்டாந்தேன். அவருக்கு ஒரு கொத்து போதும். இதை நீங்க வச்சுக்கிடுங்க.

அட, வாங்கிக்கிடுங்கங்கேன். சும்மா கரையோரமா விட்டாப் போதும், மத்ததை அது பாத்துக்கிடும். ஆனா தண்ணியில விடுறதுக்கு முன்னால மறக்காம ஒரு போட்டோ எடுத்து, தேதி போட்டு, ஆப்புல ஏத்திருங்க. பேரை முழுசா எழுதுங்க. இல்லைன்னா நாளைக்கு உங்களையும் ‘உள்ளூர்வாசி ஒருவர்’னு எழுதிருவாங்க.